அஞ்சுக்கு ஒண்ணு

எங்கள் எஸ்டேட்டில் போனுக்கு ரேஞ்சு கிடைக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான். அது என் சாயாக்கடை வாசலில் கிடக்கும் கருங்கல். அதன்மேல் கிழக்கே பார்த்து உட்கார்ந்தால் மூன்று கோடு வரும். மலைக்குக் கீழே கம்பத்துப் பக்கம் நிற்கும் டவரிலிருந்து ஏறி வருகிற ரேஞ்சு அது. பாலில்லாத ஒரு கட்டஞ்சாயாவை வாங்கிக்கொண்டு இரண்டு மணி நேரம் கல்லை விட்டு இறங்காதவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். ஆனாலும் அந்தக் கல் இல்லாதிருந்தால் ஜோமோளின் பாடத்துக்கு நடந்த கதை எனக்குத் தெரிந்திருக்காது. நானும் அதில் ஒரு கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன்.

என் பெயர் அழகுமலை. இருபது வருடத்துக்கு முன்னால் கம்பத்திலிருந்து ஏறி வந்தவன். குமுளியிலிருந்து ஜீப்பில் முக்கால் மணி நேரம் குலுங்கினால் எங்கள் எஸ்டேட் வந்துவிடும். தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் ஒரு லயம், ஒரு மாதா கோவில், ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர், தராசுக் கொட்டகை, அதற்கு எதிரே என் கடை. ஊர் என்று சொல்ல இவ்வளவுதான் உண்டு. மழை மட்டும் ஜூனில் பிடித்தால் விடாமல் பெய்யும்.

ஜோமோள் லயத்தில் மூன்றாவது வீட்டுப் பெண். அப்பா கபிரியேல் ஸ்டோரில் காய் உலர்த்துகிறவர். அம்மா கத்தரீனாள் காட்டுக்குள் காய் எடுக்கப் போகிறவள். மகள் படித்து, பி.எட். முடித்து, மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கும் தமிழ் மீடியம் பள்ளியில் தற்காலிக டீச்சராக ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தாள். அவள் பள்ளிக்கு நடந்து போகும்போது லயத்துப் பெண்கள் வேலையை நிறுத்திப் பார்ப்பார்கள். அதில் கொஞ்சம் பெருமை இருக்கும், கொஞ்சம் பொறாமையும் இருக்கும். என்னிடம் கேட்டால் இரண்டும் நியாயம்தான்.

பள்ளியில் புரொஜக்டர் உண்டு. அதில் ஓட்டப் பாடங்கள்தான் தமிழில் இல்லை. திரையில் ஒருவர் மலையாளத்தில் பேசுவார். ஜோமோள் நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொல்வாள். பிள்ளைகள் திரையைப் பார்ப்பதா, டீச்சரைப் பார்ப்பதா என்று தெரியாமல் சன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இந்த வருடம்தான் கேரளத்துத் தமிழ் மீடியத்துக்கும் கணினிப் பாடங்கள் செய்வது என்று கல்வித் துறையில் முடிவாயிற்று. பாலக்காட்டின் கிழக்குப் பக்கத்திலிருந்தும் எங்கள் இடுக்கியிலிருந்தும் டீச்சர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஏழாம் வகுப்புக் கணக்கில் விகிதம் என்ற பாடம் ஜோமோளுக்கு வந்தது. இந்த வேலைக்கு ஒரு புதுச் சட்டம் வைத்திருந்தார்கள். பாடத்தை அறைக்குள் ஒளித்துவைத்துச் செய்யக்கூடாது. வரைவை எல்லாரும் பார்க்கும்படி இணையத்தில் வைக்க வேண்டும். பதினைந்து நாள் யார் வேண்டுமானாலும் பார்த்துக் கருத்துச் சொல்லலாம். அதன்பிறகு மாநிலத்தில் அந்த வகுப்புக்கு என்னென்ன கற்றல் அடைவுகள் எழுதப்பட்டிருக்கின்றனவோ, அவையெல்லாம் பாடத்தில் இருக்கின்றனவா என்று ஒரு குழு ஒவ்வொன்றாகச் சரிபார்க்கும்.

முதலில் செய்கிற இந்த ஒரு பாடம் தேறினால் மீதி எல்லாப் பாடங்களும் தமிழில் செய்யப்படும். தேறாவிட்டால் மலையாளப் படத்துக்குக் கீழே தமிழ் எழுத்தை ஓடவிட்டால் போதும் என்று அப்போதே பேச்சு இருந்ததாம். இதை ஜோமோள் என்னிடம் சொன்னபோது அவள் முகம் சுண்டிப்போயிருந்தது. தன் ஒரு பாடத்தின்மேல் இத்தனை பிள்ளைகளைத் தூக்கி வைத்துவிட்டார்களே என்று பயந்துவிட்டாள்.

பாடத்துக்கு உதாரணம் தேட அவள் வெகுதூரம் போகவில்லை. பச்சை ஏலக்காய் ஐந்து கிலோ காய்ந்தால் ஒரு கிலோ. அவள் பிறந்ததிலிருந்து வீட்டில் கேட்டு வளர்ந்த கணக்கு அது. கபிரியேல் இருபத்தாறு வருடமாக ஸ்டோரில் நிற்கிறவர். மேனேஜர் கேட்டாலும் சரி, வியாபாரி கேட்டாலும் சரி, அவர் சொல்லும் பதில் ஒன்றுதான். அஞ்சுக்கு ஒண்ணு.

படம் வரைந்து முடித்தாயிற்று. குரல் பதிவு செய்வதுதான் பெரும்பாடாகிவிட்டது. லயத்துக் கூரை தகரம். ஜூலை மழை அதன்மேல் விழுந்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. பள்ளியில் பிள்ளைகள் சத்தம். கோவிலில் முயன்றால் எதிரொலி. கடைசியில் கபிரியேல்தான் வழி சொன்னார். ஸ்டோரில் உலர்த்தும் அறைக்குத் தடித்த சுவர், மேலே கான்கிரீட், ஒரே ஒரு கதவு. ஒரு லோடு இறக்கி அடுத்த லோடு ஏற்றும்வரை அறை காலியாகக் கிடக்கும். அந்த இடைவெளியில் மகளை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினார். நெருப்பு அணைந்திருந்தாலும் சூடு போயிருக்காது. அவள் வேர்த்து விறுவிறுத்து, உடம்பெல்லாம் ஏலக்காய் மணக்க வெளியே வருவாள். ஐந்து நாளில் பாடம் முடிந்தது.

வரைவு இணையத்தில் ஏறிய அன்று நான் கடையில் எல்லாருக்கும் பருப்பு வடை கொடுத்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

செபமாலையம்மாள் எங்கள் லயத்து அன்பியத்தின் தலைவி. அன்பியம் என்பது இருபது முப்பது வீடுகள் சேர்ந்து வாரத்துக்கு ஒருநாள் ஜெபம் சொல்லும் கூட்டம். அதற்கு வாட்ஸ்அப் குரூப்பும் உண்டு. யாருக்காவது ஆபரேஷன், பரீட்சை, விசா என்று அதில் செய்தி வந்தால் எல்லாரும் ஒரே வார்த்தையில் பதில் போடுவார்கள். ஜோமோளின் பாடத்துக்கு எல்லாரும் கருத்துப் போட வேண்டும் என்று செபமாலையம்மாள் அந்தக் குரூப்பில் போட்டாள். சுற்றியுள்ள நாலு எஸ்டேட் அன்பியங்களுக்கும் அனுப்பிவைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து என் கல்லைச் சுற்றி ஒரே கூட்டம். ஒவ்வொருவராக ஏறி உட்கார்ந்து கருத்துப் போட்டுவிட்டு இறங்கினார்கள். எத்தனை பேர் பாடத்தைத் திறந்து பார்த்தார்கள் என்பது மாதாவுக்குத்தான் தெரியும். நானும் என் பங்குக்கு வாழ்க வளர்க என்று எழுதி, என் போனில் இருந்த பொங்கல் பானைப் படம் ஒன்றையும் சேர்த்துப் போட்டேன். அப்போது ஆகஸ்ட் மாதம்.

அடுத்த வியாழக்கிழமை சாயங்காலம் யோகப்பிரியா டீச்சரிடமிருந்து போன் வந்தது. பாலக்காட்டில் கோவிந்தாபுரம் பக்கத்துப் பள்ளியில் வேலை செய்கிறவர். தமிழ்ப் பாடங்களுக்கு அவர்தான் ஒருங்கிணைப்பாளர். ஜோமோள் கல்லில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் போட்டாள்.

“ஏனுங்க ஜோமோள், உங்க பாடத்துக்கு நூத்தி அறுவத்து மூணு கருத்து வந்திருக்குதுங்க. அதுல நூத்தி நாப்பது பேரு ஆமென்னு எழுதியிருக்காங்க. மீதி மரியே வாழ்க, ரோசாப்பூ, கும்பிடற கை. ஒருத்தரு பொங்கல் பானை போட்டிருக்காருங்க. குழுவுல இருக்கறவங்க இது பாடமா, பூசையான்னு கேக்கறாங்க. எனக்குப் பதில் சொல்லத் தெரியலீங்க.”

நான் சாயா ஆற்றுவதை நிறுத்தாமல் உள்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

குழுவின் கடிதமும் வந்துவிட்டது. ஜோமோள் அதை இரண்டு தடவை படித்தாள். பாடத்தைப் பற்றிய கருத்து ஒன்றுகூட இல்லை. ஆட்களைத் திரட்டிப் பதிவிட்டதாகத் தோன்றுகிறது. மேலும், இரண்டு விகிதங்களை ஒப்பிடுதல் என்ற கற்றல் அடைவு வரைவில் எங்கும் இடம்பெறவில்லை. எட்டு நாட்களுக்குள் பொருத்தமான கருத்துகளும் திருத்திய வரைவும் வராவிட்டால் இப்பாடம் பரிசீலனையிலிருந்து நீக்கப்படும். அவ்வளவுதான் கடிதம்.

அன்று அந்த வீட்டில் வேகவைத்த மரவள்ளிக் கப்பையும் காந்தாரி மிளகாய் அரைத்த சம்மந்தியும் தட்டில் அப்படியே இருந்தன என்று பக்கத்து வீட்டார் சொன்னார்கள். கபிரியேல் குழுவைத் திட்டினார். செபமாலையம்மாள் வந்து கண்ணைத் துடைத்தாள். நல்லதென்று நினைத்துத்தான் செய்தேன் என்று அவள் சொன்னதை யாரும் சந்தேகப்படவில்லை. அன்பைக் காட்ட எங்களுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். அதுவே பிள்ளையின் காலை வாரிவிட்டது.

மறுநாள் சாயங்காலம் ஜோமோள் லேப்டாப்பைக் கொண்டுவந்து என் கடை பெஞ்சில் வைத்தாள். பெண்கள் காய் எடுத்துத் திரும்பும் நேரம். தலையில் பிளாஸ்டிக் தாள், இடுப்பில் வாளி, காலில் அட்டைப்பூச்சி கடிக்காமலிருக்கப் பூசிய புகையிலையும் உப்பும். எதிரே கொட்டகையில் எடை போட வரிசை நின்றது. எடை முடிந்தவர்களை ஜோமோள் கெஞ்சிக் கூப்பிட்டுப் பாடத்தைக் காட்டினாள். குற்றம் சொல்லுங்கள், குறை சொல்லுங்கள் என்றாள். ஒருத்தி குரல் தேன் என்றாள். இன்னொருத்தி படத்தில் வரும் பெண்ணின் சேலை நிறம் நன்றாக இருக்கிறது என்றாள். தன் கண்முன் வளர்ந்த பிள்ளையின் முகத்துக்கு நேரே குறை சொல்ல ஒருத்திக்கும் வாய் வரவில்லை. கத்தரீனாள் சற்றுத் தள்ளி நின்று கணுக்காலில் ஏறிய அட்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். பாடம் முடியும் முன்னே வீட்டுக்குப் போய்விட்டாள்.

சனிக்கிழமை மதியம், ஜோமோள் கூட்டத்துக்காகக் குமுளிக்குப் போயிருந்த நேரம், கத்தரீனாள் கடைக்கு வந்தாள். உப்பும் புகையிலையும் வாங்கினாள். வாங்கிய பிறகும் போகவில்லை.

“அண்ணாச்சி, அந்தப் பாடத்துல ஒரு தப்பு இருக்கு” என்றாள்.

“என்ன தப்பு?”

“அஞ்சுக்கு ஒண்ணுன்னு சொல்லுதா. எல்லாக் காய்க்கும் அது நிக்காது. பழுத்த காய்னா எடை கூடுதலா நிக்கும். எளங்காய்னா தண்ணி, காஞ்சா சுருங்கிப் போயிரும். கல்யாணத்துக்கு முன்ன எங்கய்யா அம்பது சென்ட்ல ஏலச் செடி வச்சிருந்தாரு. அடுப்புக்கு மேல பரண் கட்டித்தான் காய வப்போம். பழுத்ததத் தனியா, எளசத் தனியா. நான் பிரிச்சிருக்கேன், நான் நிறுத்திருக்கேன்.”

“இத நேத்து சொல்லியிருக்கலாமே.”

“எப்படிச் சொல்ல? அவுக சொன்ன கணக்கு அது. இருபத்தாறு வருசம் ஸ்டோர்ல நிக்காக. பெத்தவளே பிள்ள பாடத்துல தப்புன்னா, கட்டினவளே புருசன் கணக்கு தப்புன்னா, ஊரு என்ன பேசும்?”

எனக்குப் புத்திசொல்ல வராது. ஆனால் அந்தக் குழு கேட்பது இந்த மாதிரிப் பேச்சைத்தான், ஆமென் போட்டுத்தான் பிள்ளையை மாட்டிவிட்டோம் என்று சொன்னேன். அவள் கல்லைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள். தனக்கு எழுத வராது, தான் சொல்வதை அப்படியே போனில் போட வேண்டும் என்றாள். அவள் சொல்லச் சொல்ல நான் அடித்தேன்.

அஞ்சு கிலோ பச்சைக்காய் காஞ்சா ஒரு கிலோன்னு பாடம் சொல்லுது. எல்லாக் காய்க்கும் அது சேராது. பழுத்த காய் எடை கூடுதலா நிக்கும், எளங்காய் கொறைய நிக்கும். பாடம் சொல்லுதவங்க முதல்ல நிறுத்துப் பாக்கணும்.

பேர் போடணுமா என்று நான் கேட்டேன்.

“போடுங்க. கத்தரீனாள், காய் எடுக்கிறவ. அம்மான்னு போட வேண்டாம்.”

அமுக்குவதற்கு முன்னால் இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். பொங்கல் பானையை அமுக்கியபோது ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

ஒரு மணி நேரத்தில் லயம் முழுக்கத் தெரிந்துவிட்டது. கத்தரீனாள் பதில் வருமா என்று இன்னும் கல்லிலேயே உட்கார்ந்திருந்தாள். கபிரியேல் ஸ்டோரிலிருந்து இறங்கி நேரே கடைக்கு வந்தார். என்னைப் பார்க்கவில்லை. மனைவியைப் பார்த்துத்தான் பேசினார்.

“மேனேஜர் எங்கிட்ட கேட்டுட்டுத்தான் ஏலத்துக்கு அனுப்புதாரு. ஒரு நா தப்பினதில்ல. கையில எடுத்துக் குலுக்கிக் காதுல வச்சாலே காஞ்சிருச்சா இல்லையான்னு சொல்லிருவேன். நீ என்னத்தக் கண்ட?”

“நீங்க சாக்குல வந்த காயப் பாக்கீங்க. நான் செடியில நிக்கிற காயப் பாக்கேன்” என்றாள் கத்தரீனாள்.

அவர் சாயா குடிக்காமல் போனார். மறுநாளும் வரவில்லை. என்னையும் எதிரிக் கட்சியில் சேர்த்துவிட்டார் என்று புரிந்தது. தினமும் நாலு சாயா குடிக்கிற மனிதர்.

சாயங்காலம் குமுளி ஜீப்பிலிருந்து இறங்கிய ஜோமோள் கல்லில் உட்கார்ந்துதான் அம்மாவின் கருத்தைப் படித்தாள். படித்துவிட்டு அழுதாள். கத்தரீனாள் தராசுக் கொட்டகையிலிருந்து வந்து எதிரே நின்றாள்.

“வீட்டுல சொல்லியிருக்கலாம்லம்மா. ஏன் ஊரறியச் சொன்ன?”

“வீட்டுல சொன்னா ஒங்கப்பா பேச்சுதான் நிக்கும். அங்க சொன்னாத்தான் எஞ் சொல்லையும் ஒருத்தர் படிப்பாக.”

ஜோமோள் அம்மாவின் கருத்தை இன்னொரு தடவை படித்தாள். பிறகு குழுவின் கடிதத்தைத் திறந்து பார்த்தாள். மறுபடி கருத்துக்குப் போனாள். மறுபடி கடிதம். பார்த்துக்கொண்டிருந்த எனக்குத் தலை சுற்றியது. சட்டென்று கல்லிலிருந்து இறங்கி அம்மாவின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அம்மா, ரெண்டு விகிதத்த ஒப்பிடணும்னு எழுதியிருக்காங்க. எங்கிட்ட ஒண்ணுதான் இருந்துச்சு. நீ ரெண்டாவதக் குடுத்துட்ட.”

கத்தரீனாளுக்கு அது முழுதும் புரிந்ததா என்று தெரியவில்லை. ஆனால் மகள் அழுகையை நிறுத்தியது புரிந்தது.

அப்புறம் ஜோமோள் சும்மா இருக்கவில்லை. ஸ்டோருக்குப் போய் அப்பாவிடம் பேசினாள். யார் கணக்கு சரி என்று வீட்டில் சண்டை வேண்டாம், தராசு சொல்லட்டும், எல்லாரும் பார்க்க நிறுத்துப் பார்ப்போம், அதையே படமெடுத்துப் பாடமாக்குகிறேன் என்றாள். கபிரியேல் வீம்பாக ஒத்துக்கொண்டார். தோற்கப் போவதில்லை என்ற நினைப்பு அவருக்கு. சூப்பர்வைசர் ஜிஜோவிடமும் அனுமதி வாங்கியாயிற்று. கோட்டயத்துக்காரர், நல்ல மனிதர், ஆனால் இளங்காய் எடுத்தால் மட்டும் அவருக்கு மூக்குமேல் கோபம் வரும். பழுக்காத காயைப் பறித்தால் அன்றைய எடையிலேயே கழித்துவிடுவார்.

சிக்கல் அங்கேதான் வந்தது. திங்கட்கிழமை எடை நேரத்தில் ஜிஜோ தராசுக்கு முன்னால் நின்று பத்து கிலோ பழுத்த காயும் பத்து கிலோ இளங்காயும் வேண்டும் என்றார். பழுத்த காய் உடனே வந்துவிட்டது. இளங்காய் கேட்டதும் ஒரு வாளியும் முன்னால் வரவில்லை.

“எளங்காயா? நாங்க அதத் தொடவே மாட்டோமே சார்” என்றாள் முதலில் நின்றவள்.

பின்னால் நின்ற இருபது பேரும் அதையே சொன்னார்கள். வருடம் முழுக்கத் திட்டு வாங்கிய அத்தனை பேரும் அன்று ஒரே நாளில் உத்தமிகளாகிவிட்டார்கள். செபமாலையம்மாள் தன் வாளியைத் தாளால் மூடிக்கொண்டாள். ஜிஜோவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

“என்டே பொன்னு சேச்சிமாரே, இன்னைக்கு யாரையும் வழக்குச் சொல்ல மாட்டேன், திட்ட மாட்டேன். தாங்க” என்றார்.

ஒருத்தியும் அசையவில்லை. கத்தரீனாள் முன்னால் வந்து தன் வாளியைத் தரையில் விரித்த சாக்கில் கவிழ்த்தாள். உட்கார்ந்து கைபோட்டுப் பிரித்தாள். அவள் விரல்கள் காயைப் பார்த்து ஓடவில்லை, தொட்டே ஓடின. ஒரு கிலோவுக்குக் கிட்ட இளங்காய் அவள் வாளியிலேயே இருந்தது.

“இந்தா எங்கிட்டயும் இருக்கு. மழையில கண்ணு தெரியாம எடுக்கதுதான். வெக்கப்படாமக் கொண்டாங்க” என்றாள்.

அதன்பிறகு ஒவ்வொரு வாளியாகக் கவிழ்ந்தது. பத்து கிலோவைத் தாண்டி இரண்டு கிலோ மிச்சமும் இருந்தது. அந்த மிச்சம் யாருடையது என்று ஜிஜோ கேட்கவில்லை.

இரண்டு தட்டுகளில் தனித்தனியாகப் பரப்பி, கபிரியேல் தன் கையாலேயே அறைக்குள் ஏற்றினார். விறகு போட்டுச் சூட்டைப் பிடித்தார். கிட்டத்தட்ட ஒரு நாள் ஆகும். தன் கணக்கைப் பரீட்சை பார்க்கிற காய் என்பதற்காக அவர் நெருப்பில் ஒரு விறகுச் சில்லைக்கூடக் கூட்டவோ குறைக்கவோ இல்லை. எல்லா லோடுக்கும் என்ன பக்குவமோ அதே பக்குவம்தான். அந்த மனிதரிடம் எனக்கு மரியாதை வந்தது அன்றுதான்.

செவ்வாய்க்கிழமை மழை நின்று வெளுத்திருந்தது. எடை நேரத்துக்கு முன்பே கொட்டகை நிறைந்துவிட்டது. பள்ளி விட்டு ஏழாம் வகுப்புப் பிள்ளைகளும் ஜோமோளோடு வந்திருந்தார்கள். நான் கடையைப் பூட்டாமலே வந்து நின்றேன். கபிரியேல் அறையைத் திறந்து, இரண்டு தட்டிலிருந்தும் ஒவ்வொரு பிடி எடுத்துக் குலுக்கிக் காதில் வைத்துப் பார்த்து, காய்ந்துவிட்டது என்று தலையசைத்தார். ஜோமோள் போனில் படமெடுத்துக்கொண்டே வந்தாள்.

பழுத்த காயைத் தராசில் வைத்தார்கள். இரண்டு கிலோ முந்நூற்றுத் தொண்ணூறு கிராம். இளங்காயை வைத்தார்கள். ஒரு கிலோ அறுநூற்றுப் பத்து.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் எழுந்தது. பிள்ளைகள் அதற்குள் நோட்டில் போட்டுவிட்டார்கள். கிட்டத்தட்டப் பத்துக்கு ரெண்டு புள்ளி நாலு, பத்துக்கு ஒண்ணு புள்ளி ஆறு. சுருக்கினால் இருபத்தைந்துக்கு ஆறு, இருபத்தைந்துக்கு நாலு. ஒரே பச்சை எடைக்கு இரண்டு விகிதம். ஒப்பிட்டுப் பார்க்கக் கண்முன்னே இரண்டு குவியல்.

கத்தரீனாள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கபிரியேல் தராசையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் காது மடல் சிவந்திருந்தது. எனக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. இருபத்தாறு வருடச் சொல் இத்தனை பேர் முன்னால் விழுந்துவிட்டது.

அப்போது அவர் ஜிஜோவிடம், ரெண்டையும் சேத்து ஒரு தடவ வைங்க சார் என்றார்.

இரண்டு குவியலையும் ஒரே சாக்கில் கொட்டி வைத்தார்கள். தராசு மேலும் கீழும் ஆடி நின்றது. சரியாக நாலு கிலோ. பச்சையாக இருபது, காய்ந்து நாலு.

“அஞ்சுக்கு ஒண்ணு” என்றார் கபிரியேல்.

கொட்டகை வெடித்துச் சிரித்தது. ஜிஜோ கைதட்டினார். கத்தரீனாளும் சிரித்துவிட்டாள். அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. ஸ்டோருக்கு வருவது எப்போதும் கலந்த சாக்குதான். கலந்த சாக்குக்கு அவர் கணக்கு சரி. செடியில் நிற்கிற காய்க்கு அவள் கணக்கு சரி. இருபத்தாறு வருடம் ஒரே வீட்டில் இருந்துகொண்டு இரண்டு பேரும் இதை ஒரு தடவைகூடப் பேசிப் பார்க்கவில்லை.

கபிரியேல் அன்று என் கடைக்கு வந்து இரண்டு சாயா வாங்கினார். ஒன்றை மனைவியிடம் நீட்டினார். எனக்குத் தெரிந்து அதுவும் முதல் தடவைதான்.

ஜோமோள் மறுபடி அறைக்குள் போனாள். இந்தத் தடவை அப்பாவையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனாள். பாடம் புதிதாக வந்தது. தொடக்கத்தில் கபிரியேல் தன் கணக்கைச் சொல்கிறார். கத்தரீனாள் இல்லை என்கிறாள். தராசு வருகிறது. யார் சொல்வது சரி என்று பிள்ளைகளே போட்டுப் பார்க்க வேண்டும். கடைசியில் கத்தரீனாள், ஒங்க ஊர்ல எது காயுதோ அத நீங்களே நிறுத்துப் பாருங்க என்கிறாள். அதை அவள் ஒரே தடவையில் சொல்லிவிட்டாள். கபிரியேலுக்குத்தான் பதினோரு தடவை ஆயிற்று.

கருத்துகளும் வந்தன. செபமாலையம்மாள் இந்தத் தடவை அன்பியத்துக்கு வேறு மாதிரி செய்தி போட்டாள். பாடத்தைப் பார்க்காமல் யாரும் ஆமென் போடக்கூடாது, பார்த்துவிட்டுத் தெரிந்த ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று கண்டிப்பாக எழுதினாள். முதல் எடுப்புக்கும் அடுத்த எடுப்புக்கும் காயின் எடை மாறும் என்றாள் ஒருத்தி. மழையில் நனைந்த காய் அதிக எடை காட்டும், அதைப் பாடத்தில் சொல்லவில்லை என்றாள் இன்னொருத்தி. நான் பொங்கல் பானையை அழித்துவிட்டு, தராசு ஆடி நிற்கும்வரை படத்தில் காட்ட வேண்டும் என்று எழுதினேன். ஜோமோள் அதை ஏற்றுக்கொண்டாள் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

எட்டாம் நாள் யோகப்பிரியா டீச்சர் கூப்பிட்டார். கல்லைச் சுற்றி நாங்கள் எல்லாரும் நின்றோம்.

“தேறிருச்சுங்க ஜோமோள். எல்லா அடைவும் இருக்குதுன்னு எழுதிட்டாங்க. மீதிப் பாடம் அத்தனையும் தமிழ்லயே செய்யச் சொல்லிட்டாங்க. காய் எடுக்கறவங்க ஒருத்தங்க எழுதின கருத்த எல்லா டீச்சருக்கும் அனுப்பி, இப்படித்தான் கருத்து வரோணும்னு சொல்லியிருக்காங்க. அவங்க யாருங்க?”

ஜோமோள் அம்மாவைப் பார்த்தாள். கத்தரீனாள் வேண்டாம் என்று கையசைத்தாள்.

“எங்கம்மாங்க” என்றாள் ஜோமோள்.

செப்டம்பரில் பள்ளிக்கூடத்தில் பாடத்தை ஓட்டினார்கள். நானும் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். திரையில் எங்கள் தராசுக் கொட்டகை வந்தது, எங்கள் தமிழ் வந்தது. ஒரு பிள்ளைகூடச் சன்னலைப் பார்க்கவில்லை. என் கண் கலங்கியதை மறைக்க நான் ஒன்றும் செய்யவில்லை.

அதற்கு அடுத்த வாரம் ஒரு சாயங்காலம். கபிரியேலும் கத்தரீனாளும் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். பாடம் தேறிய பிறகும் கருத்து எழுதும் பக்கத்தை மூடவில்லை. கல்லில் இருந்த ஜோமோள் திடீரென்று, பாலக்காட்டிலிருந்து ஒரு கருத்து வந்திருக்கிறது என்று சத்தமாகப் படித்தாள். கோவிந்தாபுரம் பக்கத்துப் பள்ளியில் ஏழாவது படிக்கும் கோமதி என்ற பிள்ளை எழுதியிருந்தது.

“எங்க ஊட்டுல ஓடு எடுத்த தேங்காய்ப் பருப்பு பத்து கிலோ வெயில்ல காய வெச்சோமுங்க. கொப்பரை அஞ்சு கிலோ முந்நூறு வந்துச்சுங்க. ஆனா எப்போ காஞ்சு முடிஞ்சுதுன்னு எப்படித் தெரியுமுங்க? மூணாம் நாள் நிறுத்தா ஒரு கணக்கு, ஏழாம் நாள் நிறுத்தா ஒரு கணக்கு வருதுங்க. அத உங்க பாடத்துல எங்கயுமே சொல்லலீங்க. அது தப்புங்க. சேர்க்கோணுங்க.”

நான் கபிரியேலைப் பார்த்தேன். அவர் கோபப்படவில்லை. வலது கையை மூடிக் காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் இரண்டு தடவை குலுக்கினார். இதுக்கு நான்தான் பதில் சொல்லணும், நாளைக்கு லோடு இறக்கினதும் அறை காலியாத்தான் இருக்கும் என்று மகளிடம் சொன்னார்.

கத்தரீனாள் கையிலிருந்த சாயாவைப் பெஞ்சில் வைத்தாள். யாரென்றே தெரியாத அந்தப் பிள்ளை இருக்கும் வடக்குத் திசையைப் பார்த்துக் கை கூப்பி, “ஆமென்” என்றாள்.